அடியும் மனச்சோர்வும்

அடியாத மாடு படியாதென்று பிள்ளைகளை அடிப்போர் பாடாலூரிலும் உளர்; பட்டணத்திலும் உளர். இளமையிற் பட்ட அடி வயது வந்ததும் மறந்துபோகுமென்பது அவர்கள் எண்ணம். அது பிழை.

1998-ம் வருஷத்தில் பெலிட்டி முதலிய அமெரிக்க வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அடி, வசை, தாய் அடிபடக் காணுதல் முதலிய துன்பங்களில் நான்கு வகைக்குக் குறையாமல் இளம்பிராயத்தில் அனுபவித்தோருக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு நேரிடும் அபாயம், அவற்றை அறியாதோரைவிட நான்கு மடங்குக்கு மேலென்று கண்டனர். ஓயாத அச்சத்திற்குப் பழகிய மனம் ஆபத்து நீங்கிய பின்னும் அமைதி கொள்வதில்லை.

ஆயினும் இது தலைவிதியன்று. அன்புடைய பெரியவர் ஒருவரின் ஆதரவும் தக்க சிகிச்சையும் தீங்கைக் குறைக்கும். 2009-ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்து அடியைத் தடுத்தது. வீட்டு அடியைத் தடுக்கவேண்டியவர் நாமே. அஞ்சி வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டு அஞ்சாத தேசத்தை அமைப்பது எங்ஙனம்?