யோகாசனம்: முதல் பாடம்



முதுகுவலி காரணமாகக் கிள்ளானில் ஒரு யோகாசன வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே பக்கத்து இளைஞர் குனிந்து கால்விரலைத் தொட்டார். நான் மட்டும் விடுவேனா? எட்டித் தொட்டேன். மூன்று நாள் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை!

தவறு எங்கே? தசையை வெடுக்கென்று இழுத்தால், தன்னைக் காத்துக்கொள்ள அது இன்னும் இறுகும். மெல்ல நீட்டினால்தான் இளகும். ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதே பதஞ்சலி முனிவர் வகுத்த இலக்கணம். வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

யோகத்தை உலகறியச் செய்த சுவாமி சிவானந்தரும் முதலில் மருத்துவரே. பத்தமடையில் 1887இல் பிறந்த அவர், 1913 முதல் 1923 வரை நம் மலாயாவில், சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிலும் ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார்.

புதிதாகத் தொடங்குவோர், உண்டபின் மூன்று மணி நேரமாவது கழியட்டும். மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தமோ முதுகுத்தண்டு நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டு, ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். சிரசாசனத்துக்கு அவசரம் வேண்டா. முடிவில் சவாசனத்தில் ஓய்வெடுங்கள்.

அரிச்சுவடி எழுதும் பிள்ளையிடம், “பக்கத்துப் பலகையைப் பார்க்காதே” என்று தினமும் சொல்கிறேன். வகுப்பில் அதை நானே மறந்தேன். நீங்கள் மறவாதீர்கள்.