பழைய காரின் ஐடிலிங் நடுக்கம்: காரணத்தைக் கண்டறியும் வழி

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் என்ஜின் அணைந்துவிடாமல், தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளப் போதுமான பெட்ரோலை மட்டும் எரித்து மெதுவாக ஓடும் நிலையே ஐடிலிங் எனப்படுகிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்த வேகம் நிமிடத்துக்கு 750 முதல் 1000 சுற்றுகள் வரை இருக்கும். கார் பழையதாகும்போது இந்த நிலையில் ஸ்டியரிங் நடுங்குவதும், கியர் தண்டு ஆடுவதும், சிக்னலில் நிற்கையில் என்ஜின் அணைந்துபோவதும் வழக்கமான குறைகள். இவற்றுக்குப் பல பட்டறைகளில் முதலில் செய்யப்படுவது கார்புரேட்டரில் உள்ள ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டுவதுதான். அப்போது நடுக்கம் அடங்குகிறதே தவிர அதன் காரணம் அப்படியே இருக்கிறது. பெட்ரோல் செலவும் புகையும் கூடுவதோடு, குறையைக் காட்டிக்கொடுத்த அறிகுறியும் மறைந்துவிடுகிறது. எனவே ஸ்க்ரூவைத் தொடுவது சோதனையின் கடைசிப் படியாக இருக்க வேண்டுமே அன்றி முதல் படியாக இருக்கலாகாது.

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 ஐடிலிங் நடுக்கத்தைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு. அதன் 796 சி.சி. என்ஜினில் மூன்று சிலிண்டர்களே உள்ளன. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் மூன்றும் சேர்ந்து விநாடிக்கு 20 முறை எரிகின்றன. அவற்றில் ஒன்று தவறினாலும் என்ஜினின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வேகமாக ஓடும்போது ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரத்தின் சுழற்சி அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஐடிலிங்கில் அந்த உதவி மிகக் குறைவு என்பதால் சிறு குறையும் உடனே வெளிப்படுகிறது.

சோதனையைக் காற்றோட்டமுள்ள இடத்தில், என்ஜின் நன்கு சூடேறிய பின் தொடங்குவது முறையாகும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. முதலில் கவனிக்க வேண்டியது சைலன்சர் முனையில் கேட்கும் ஓசை. ஓசை சீராக இருந்தும் கார் மட்டும் அதிர்ந்தால், குறை என்ஜினின் உள்ளே அன்றி அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளில் இருக்கலாம். ஓசை இடையிடையே தடுமாறினால் அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமை. அடுத்து வேகத்தைச் சற்றுக் கூட்டும்போது தடுமாற்றம் மறைந்தால் ஏர் லீக்கையோ கார்புரேட்டரின் ஐடிலிங் பாதையையோ ஐயுறலாம். வேகத்திலும் அது தொடர்ந்து இழுவையும் குறைந்தால் பெரும்பாலும் பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷனிலோ, சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் கம்ப்ரஷனிலோ குறை இருக்கும்.

எந்த சிலிண்டர் எரியவில்லை என்பதை அறிய, என்ஜினை அணைத்து ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையில் வேறொரு பிளக்கை மாட்டி என்ஜினின் உலோகப் பகுதியில் தொடுமாறு வைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். முன்பைவிட ஐடிலிங் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்றும், மாற்றமே இல்லையென்றால் அதுதான் எரியாத சிலிண்டர் என்றும் கொள்ளலாம். வயரில் பல ஆயிரம் வோல்ட் பாய்வதால் ஓடும் என்ஜினில் வெறுங்கையால் அதைத் தொடக் கூடாது.

கழற்றிய பிளக்குகள் தாமே ஒரு சான்றாகும். முனையிலுள்ள வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறிக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ என்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. மூன்று பிளக்கும் ஒரே நிறமாக மாறியிருந்தால் பொதுவான கார்புரேட்டரையும், ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரையும் ஆராய வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள முடிவு.

ஏர் லீக் என்பது கார்புரேட்டர் அளந்து தரும் காற்றுக்கு மேல், கெட்டுப்போன கேஸ்கெட் வழியாகவோ வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாகவோ காற்று உள்ளே புகுவதாகும். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறு கசிவும் இந்த விகிதத்தைக் குலைத்துவிடுகிறது. ஒரு தம்ளர் நீரில் கரிக்கும் உப்பு ஒரு குடம் நீரில் தெரியாததைப் போல, வேகம் கூடும்போது அதே கசிவு பொருட்டாக இருப்பதில்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரிக்கையில் எதை நெரித்ததும் ஓட்டம் சீராகிறதோ அந்த வழியில்தான் கசிவு இருக்கிறது. பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது ஐடிலிங் தெளிவாக மாறினால் பூஸ்டரின் உட்சவ்வையும் சோதிக்க வேண்டும்.

கசிவு இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஐடிலிங் ஜெட். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளை வழியாகவே அந்த நிலைக்குரிய பெட்ரோல் முழுவதும் செல்வதால், டேங்கின் துருவோ, நெடுநாள் நின்ற காரில் உறைந்த பெட்ரோல் பிசினோ சிறிது படிந்தாலும் அது அடைபடும். அதைக் கம்பியால் குத்தினால் அளந்து செய்யப்பட்ட துளை அகன்றுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே சரி.

இவற்றிலும் குறை அகப்படாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் அந்தச் சிலிண்டர் பழுதுற்றது எனலாம். அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை. அத்தகைய இடத்தில் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலான டேப்பட் இடைவெளியைப் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும், ஏனெனில் அது இறுகிப்போனாலே வால்வு முழுவதும் மூடாது.

கார்புரேட்டர் இல்லாமல், கணினியின் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கார்களிலும் சோதிக்கும் வரிசை இதுவே. அங்கே ஜெட்டுக்குப் பதிலாகக் கரி படிந்த திராட்டில் பாடி, ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு, கணினிக்குத் தகவல் தரும் சென்சார்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள கார்களில் மட்டும் பிளக் வயரைக் கழற்றிய நிலையில் நெடுநேரம் ஓடவிடலாகாது. எரியாத பெட்ரோல் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

குறை நீங்கிய பின்பே கலவையையும் வேகத்தையும் ஸ்க்ரூவில் சரிசெய்ய வேண்டும். அன்றைய கம்ப்ரஷன் அளவுகளையும் பிளக்குகளின் நிறத்தையும் சர்வீஸ் நோட்டில் எழுதிவைப்பது கார் உரிமையாளர் செய்யக்கூடிய எளிய, ஆனால் பெரும் பயன் தரும் வேலை. அடுத்த ஆண்டு அதே அளவுகளை ஒப்பிடும்போது எந்தச் சிலிண்டர் தேய்ந்துவருகிறது என்பது நடுக்கம் தோன்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். தேவையற்ற பாகங்களை ஊகத்தில் மாற்றும் செலவும் மிச்சமாகும்.