எதற்கு என்று சொல்லி ரிப்பன் வாங்குங்கள்

“அக்கா, செவப்புல ரெண்டு இன்ச், ஒரு ரோல் கொடுங்க.”

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால் ஈப்போ லிட்டில் இந்தியாவில் எந்த அலங்காரக் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நிறம் சொல்லியாயிற்று, அகலம் சொல்லியாயிற்று. எதற்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சட்டம் முதலில் கேட்பதோ அதைத்தான். வாங்குபவர் இன்ன பயனுக்கு என்று தெரிவித்திருந்தால், பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. வாய் திறக்காமல் வாங்கிப் போய், மழையில் சாயம் இறங்கிவிட்டது என்று திரும்பி வந்தால், “வெளியில கட்டப் போறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” என்பார் கடைக்காரர். அவர் கேட்பதும் நியாயம்தானே.

ஐந்தாறு ரிங்கிட் ரிப்பனுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். நட்டம் ரிப்பனோடு நின்றுவிடுவதில்லை. பட்டுப் புடவையில் சிவப்புக் கறை, வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காரில் சாயக் கோடு, சீர்த்தட்டில் பிடித்த தீ என்று அது வேறெங்கோ போய் முடிகிறது.

பலர் ஏமாறுவது ‘சாட்டின்’ என்ற பெயரில். ஒரு பக்கம் பளபளக்கும்படி நெய்யும் முறைக்குத்தான் சாட்டின் என்று பெயர். இழை என்ன என்று அந்தப் பெயர் சொல்லாது. பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு, பூக்கடைகளில் புழங்கும் அசிட்டேட்டிலும் உண்டு. இன்று கடையில் தொங்குவதில் பெரும்பகுதி பாலியெஸ்டர்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அதையே ‘சில்க் ரிப்பன்’ என்று எழுதி விற்றால் அது பொய்யான வணிக விவரிப்பு. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சுருளின் நீளத்துக்கும் இதே சட்டம்தான். 25 யார் என்று அச்சிட்ட சுருள் கிட்டத்தட்ட 22.86 மீட்டர் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் அட்டை உருளை பருமனாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் அளவு நாடாவை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. மழைக்கும் ஈர மாலைக்கும் அது தாங்கும். அசிட்டேட் நனைந்தால் வலு குறையும். பருத்தி நாடா நனைந்து கனத்துத் தொங்கும். எந்த இழையாக இருந்தாலும், மலிவான அடர் சிவப்பிலும் மரூனிலும் சரியாக ஒட்டாத மிச்சச் சாயம் இருக்கக்கூடும். பூ வாடாமல் இருக்க மாலையில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்த மாலை மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மேல் ஒரு மணி நேரம் கிடக்கப்போகிறது. ஆகவே வாங்கிய அன்றே ஒரு விரல் நீளத் துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளை டிஷ்யூ தாளில் மடித்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும். தாளில் நிறம் ஏறியிருந்தால் அந்தச் சுருள் மாலைக்கும் ஆகாது, கல்யாணக் காருக்கும் ஆகாது. பேராக்கில் மழை முகூர்த்தம் பார்த்துப் பெய்வதில்லை. காரில் கட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: எண் பலகையையோ விளக்கையோ ரிப்பன் மறைத்தால் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சம்மன் வரும். மாப்பிள்ளை கார் என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

தீ இதைவிடப் பெரிய ஆபத்து. நம் சடங்குகளில் ரிப்பனும் நெருப்பும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. குத்துவிளக்கின் தண்டைச் சுற்றி ரிப்பன், ஆரத்தித் தட்டின் விளிம்பில் ஆர்கன்சா, காவடியில் ஜிகினா, பக்கத்திலேயே கற்பூரம். தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரை நடக்கும் கூட்டத்தில் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். பலூனுக்குக் கட்டும் மலிவான சுருட்டு ரிப்பன் பாலிபுரொப்பிலீன். ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல் உருகும். கற்பூரச் சுடருக்கு இரண்டுமே பொருட்டல்ல. ஆர்கன்சா மெல்லிய வலை போன்றது; காற்று உள்ளே புகுவதால் சட்டென்று பற்றும். செயற்கை இழை எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, ஆனால் நன்றாகவே எரியும். விளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் எந்த ரிப்பனும் வேண்டாம் என்பதே என் கருத்து. அழகு வேண்டுமானால் பூவும் மாவிலையும் இருக்கின்றன.

அப்படியும் உருகிய இழை யார் கையிலாவது ஒட்டிவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

உணவுப் பொட்டலம் கட்டுபவர்களுக்கு வேறு சங்கதி. எட்டயபுரத்திலிருந்து வந்தவர்களின் வழியில் புந்தோங்கில் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு சுங்கை சிப்புட் பக்கம் வந்து குடியேறிய பெண்கள் பலருக்கும் தீபாவளிப் பலகாரம் ஒரு வருமானம். அன்பளிப்புப் பொட்டலம் அழகாக இருந்தால்தான் விலை போகும், சரிதான். ஆனால் மினுக்குத்தூள் தூவிய ரிப்பனையோ சாயம் விடும் நாடாவையோ பலகாரத்தின் மேல் நேராகப் படும்படி வைக்கக் கூடாது. நச்சுப்பொருளை உணவில் இறக்கும் பொதியை 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் தடை செய்கின்றன. ரிப்பன் மூடிய பொட்டலத்துக்கு வெளியே இருக்கட்டும். ஸ்டேப்ளர் ஊசியும் ஓரத்தில் கம்பி வைத்த ரிப்பனும் பலகாரப் பொட்டலத்துக்கு வேண்டவே வேண்டாம். கம்பி துருப்பிடிக்கும், ஊசி முறுக்கோடு வாய்க்குள் போகும். கனமான கூடைக்குப் பளபளப்பு ரிப்பனைவிடக் குறுக்கே வரிவரியாக நெய்த கனத்த ரிப்பன் நல்லது, முடிச்சு நழுவாது.

கைக்குழந்தையின் கழுத்திலும் தொட்டில் கம்பியிலும் எந்த ரிப்பனும் கட்டாதீர்கள். விழா முடிந்ததும் மிச்சத்தைப் பொறுக்கிவிடுங்கள். பூனை விழுங்கினால் நீள நாடா குடலை இழுத்துச் சுருக்கிவிடும்.

இனி உரிமைக்கு வருவோம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை கல்லாவுக்கு மேல் தொங்கும். பொருளில் குறையே இல்லை, உங்களுக்குத்தான் நிறம் பிடிக்கவில்லை என்றால் அந்த அட்டை செல்லும். குறை இருந்தால் செல்லாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும், மாதிரி காட்டி விற்றிருந்தால் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். இந்த உத்தரவாதங்களை எந்த அட்டையாலும் அழிக்க முடியாது. குறை கண்டால் கடைக்காரருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும்: மாற்றித் தரலாம், பணத்தைத் திருப்பலாம். மறுத்தாலோ குறை பெரிதாக இருந்தாலோ பொருளை நிராகரிக்கலாம். எதிர்பார்க்கக்கூடிய பின்விளைவு நட்டத்தையும், அதாவது அந்தப் புடவைக் கறையையும், சேர்த்துக் கேட்கலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. பொருளை வேறொன்றோடு ஒட்டியோ தைத்தோ, சேதமில்லாமல் பிரிக்க முடியாதபடி ஆக்கிவிட்டால், அதை நிராகரிக்கும் உரிமை போய்விடும். சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, பசை போட்டுத் தட்டில் ஒட்டிவிட்டு, அப்புறம் குறையைக் கண்டால் இழப்பீடு கேட்கலாமே தவிர சுருளைத் திருப்பித் தர முடியாது. டிஷ்யூ தாள் சோதனையை வாங்கிய அன்றே செய்யச் சொன்னது இதற்காகத்தான். முனையிலிருந்து ஒரு விரல் வெட்டுவதால் யாருக்கும் நட்டமில்லை.

இணையத்தில் வாங்கினால் உறையைப் பிரிப்பதிலிருந்து கைப்பேசியில் படம் பிடியுங்கள். அளந்து, நனைத்துப் பார்ப்பதற்கு முன் ‘பொருள் கிடைத்தது’ என்று அழுத்தாதீர்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் நம் நாட்டுப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் ஆணை அவர் வாசல்வரை போவது கடினம். ஆகவே விற்பனைத் தளத்தின் திருப்பித்தரும் காலக்கெடு முடிவதற்குள்ளேயே புகார் செய்துவிடுங்கள்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் தரலாம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. முதலாம் பாரம், கட்டணம் 5 ரிங்கிட். உச்ச வரம்பு 50,000 ரிங்கிட். நட்டம் நேர்ந்து மூன்றாண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை; எதிர்த்தரப்பும் வழக்கறிஞரோடு வர முடியாது என்பது சாமானியருக்கு நல்லதே. இரசீது, மிச்ச ரிப்பன், கறைபட்ட துணி மூன்றையும் எடுத்துப் போங்கள்.

ஆனால் மாலை கட்டி விற்பவர், தட்டு அலங்காரம் செய்து கூலி வாங்குபவர், பலகாரம் பொட்டலமிடுபவர் ஆகியோருக்கு இந்தக் கதவு திறப்பது சிரமம். சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்குபவரைத்தான் சட்டம் பயனீட்டாளர் என்கிறது, தொழிலுக்கு வாங்குபவரை அப்படிக் கருதுவதில்லை. பாதுகாப்பு மிக அதிகம் தேவைப்படுபவர்கள் இவர்கள்தான். இவர்களை வெளியே நிறுத்தியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இவர்களுக்கு உள்ள வழி 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். விவரிப்புக்கும் மாதிரிக்கும் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று அதிலும் உண்டு. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையை ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் போன்ற இடங்களின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக, 198ஆம் எண் பாரத்தில், வழக்கறிஞர் இல்லாமல் தனியாளாகவே கேட்கலாம். அங்கே காட்டச் சான்று வேண்டும். மொத்தமாக வாங்கும்போது, காட்டிய மாதிரியிலிருந்து ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி இரசீதின் பின்னால் இணைத்து, ‘ஈர மாலைக்கு, சாயம் விடாதது, 25 யார்’ என்று எழுதி, தேதி போட்டு, கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் பத்து ரோல் வாங்காதீர்கள்.