ஜெபமும் சாதிச் சான்றிதழும்

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் 3 அலகுகளும் ஓடினால் 1,500 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். சுற்றியுள்ள மக்களுக்குக் கிடைப்பது தூசியும் சாம்பலும்தான். வேலை கிடைத்தாலும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்களின் பிழைப்பும் போனது. நாளை என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இந்தப் பகுதியில், தேவனுடைய ராஜ்யம் வர வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிற தலித் கிறித்தவர்களுக்கு இன்னொரு நிச்சயமின்மையும் உண்டு. அது 1950-இல் தொடங்கியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழகத்தில் ஆதிதிராவிடர் கிறித்தவரானால் சான்றிதழில் பி.சி. ஆகிவிடுகிறார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. பக்கத்துப் பொன்னேரி தனித் தொகுதியில் அவர் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. ஆனால் குடியிருப்பது அதே சேரியில்தான்.

சூசை என்பவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1982-இல் அத்தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம்.

சான்று எங்கே இருந்தது? சபைகளுக்குள்ளேயே இருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதியாகப் பிரித்து ஒரு சுவர் நின்றது. கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பிரசங்கம் செய்துவிட்டு, சாதிக் கொடுமை உண்டு என்று அரசிடம் மனுக் கொடுப்பதில் சபைகளுக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. சுவரைக் காட்டினால் சபையின் மானம் போகும். மறைத்தால் சூசைகளின் வழக்குத் தோற்கும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது 2016 டிசம்பரில்தான். தாமதம்தான், ஆனாலும் வரவேற்கிறோம்.

ராஜ்யம் வரும், அதுவரை பொறுத்திரு என்று ஏழையிடம் சொல்வது நமக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியோஃபிலஸ் அப்பாவு வேறு மாதிரி சொன்னார். பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த அவர், ஒரே உலைச் சோற்றை எல்லாரும் சேர்ந்து உண்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்தார். இயேசு சொன்ன விருந்துக் கதையிலும் தெருவில் நின்ற ஏழைகளைத்தானே உள்ளே அழைக்கிறார்கள்!

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையத்துக்கு 2 ஆண்டுகள் கெடு வைத்தார்கள். பிறகு அதையும் நீட்டித்தார்கள். ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கும் சபைகள், அன்று கையில் பிடிக்கும் பதாகையோடு தங்கள் கல்லறைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்கட்டும்.