பாஸ்வேர்டே இல்லாத ரூட்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி நடத்தும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பேரேட்டை மூடிவிட்டு, உபுண்டு சர்வர் ஒன்றில் மரியாடிபி என்ற டேட்டாபேஸை நிறுவிக் கணக்கை அதற்கு மாற்றியிருக்கிறாராம். ‘சூடோ மரியாடிபி’ என்று தட்டியதும், டேட்டாபேஸுக்கென்று எந்த பாஸ்வேர்டும் கேட்காமல், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு உள்ளே விட்டுவிட்டது. “விவசாயிகளின் பட்டுவாடாக் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. இப்படித் திறந்து கிடக்கலாமா?” என்று கேட்கிறார்.

திறந்து கிடக்கவில்லை ஐயா. மரியாடிபியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடே இதுதான்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் ஓடும் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ள லினக்ஸில் சாக்கெட் என்று ஒரு வழி உண்டு. பார்வைக்கு அது ஒரு சாதாரண ஃபைல். அதன் வழியாக யாராவது வந்தால், டேட்டாபேஸ் அவரிடம் எதையும் விசாரிப்பதில்லை. ‘மறுமுனையில் இருப்பவர் யார்?’ என்று லினக்ஸின் கெர்னலிடம் கேட்கிறது. கெர்னல் அந்தப் புரோகிராமை ஓட்டுபவரின் பயனர் எண்ணைச் சொல்கிறது. சூடோ போட்டு ஓட்டினால் எண் 0, அதாவது ரூட்; கதவு திறக்கும். வேறு எண் என்றால் திறக்காது. பதில் சொல்வது கெர்னல் என்பதால், வந்தவர் பொய் சொல்ல வழியே இல்லை. 10.4 பதிப்பிலிருந்து மரியாடிபி இந்த முறையைத் தானாகவே அமைத்துக்கொள்கிறது.

பூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். உள்ளே நெம்புகோல்களைக் கூட்டிக் கூட்டி, கள்ளக் கம்பிக்கு வழிவிடாமல் செய்வது நம் ஆசாரிகளின் வித்தை. ஆனாலும் சாவித்துளை என்று ஒன்று இருந்துதானே ஆகவேண்டும்? இந்த ரூட் கணக்கில் அந்தத் துளையே கிடையாது. இல்லாத பாஸ்வேர்டை எவனால் ஊகிக்க முடியும்?

பழைய பாடக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பலர் முதல் வேலையாக இதை மாற்றி, ரூட்டுக்கு ஒரு எளிய பாஸ்வேர்ட் வைக்கிறார்கள். அதையே பில்லிங் மென்பொருளின் அமைப்பு ஃபைலில் எழுதியும் வைக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. பில் போட வந்த மென்பொருளுக்கு அட்டவணையையே அழிக்கும் அதிகாரம் எதற்கு? அதற்கென்று தனிப் பயனரை உருவாக்குங்கள். அந்த ஒரு டேட்டாபேஸில் படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் அனுமதி கொடுங்கள். மென்பொருளில் ஓட்டை இருந்து ஒருவன் நுழைந்தாலும் அட்டவணையை மொத்தமாகத் தூக்கி எறிய அவனால் முடியாது. நிறுவலோடு வரும் பாதுகாப்பு ஸ்கிரிப்டையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பெயரில்லாப் பயனர், சோதனை டேட்டாபேஸ் போன்றவை இருந்தால் துடைத்துவிடும்.

இன்னொரு கேடு, நெட்வொர்க் வழியாக மரியாடிபிக்கு வரும் வாசலான 3306-ஆம் போர்ட். உபுண்டுவில் மரியாடிபி 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காது கொடுக்கும். அதாவது வெளியிலிருந்து யாரும் பேச முடியாது. வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ஆசைப்பட்டு இதை 0.0.0.0 என்று மாற்றி, ஃபயர்வாலையும் திறந்துவிடுகிறார்கள். 2020-இல் இப்படி இணையத்தில் திறந்து கிடந்த, மரியாடிபியின் மூலமான மைஎஸ்கியூஎல் சர்வர்களை ஒரு கும்பல் தேடித் தேடி, பலவீனமான பாஸ்வேர்டுகளை உடைத்து நுழைந்தது. தரவை எடுத்துக்கொண்டு, ‘எச்சரிக்கை’ என்று பெயரிட்ட ஒரு அட்டவணையை விட்டுச் சென்றது. அதில் இருந்தது, பிட்காயினில் பணம் கேட்கும் மிரட்டல். வீட்டிலிருந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் எஸ்எஸ்எச் வழியாக வாருங்கள், அதுவும் பாஸ்வேர்ட் இல்லாமல் சாவி ஃபைல் வைத்து. சர்வரில் சூடோ உரிமை உள்ளவர் எவரும் டேட்டாபேஸுக்கும் எஜமானர் என்பதால், அந்த உரிமையை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைப் பையன்களுக்கு வேண்டாம்.

பேக்கப் தினமும் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அதிலிருந்து ஒருமுறையாவது கணக்கை மீட்டுப் பார்த்தீர்களா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் தரவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாக எடுக்கப்படவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. மண்டி விடுமுறையன்று வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பை ஏற்றி, முந்தைய நாள் பட்டுவாடா மொத்தம் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.