இடம் மாறினால் பழைய பயம் திரும்பும்!

எலிகள் சொல்லும் பாடம்

ஒரு தடவை கற்றதை அடியோடு மறக்க முடியுமா? முடியாது என்கின்றன எலிகள்.

ஒரு ஒலியைக் கேட்டதும் நாயின் வாயில் எச்சில் ஊற வைத்தவர் ருஷிய விஞ்ஞானி பாவ்லோவ். பிறகு உணவு தராமல் ஒலியை மட்டும் பல முறை கேட்க வைத்தார். எச்சில் நின்று விட்டது. ஆனால் சற்று இடைவெளி விட்டுக் கேட்க வைத்தபோது மறுபடியும் ஊறியது! பழைய பாடம் அழியவில்லை, அமுங்கிக் கிடந்தது.

அது எப்போது தலைதூக்கும்? அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மார்க் பவுட்டன், ராபர்ட் போல்ஸ் இருவரும் 1979-ல் இதற்கு ஒரு விடை தந்தார்கள்.

இரண்டு கூண்டுகள்

ஒரு கூண்டில் எலிக்கு ஒரு சமிக்ஞை கொடுத்து, உடனே லேசான 'ஷாக்' கொடுத்தார்கள். சில தடவைக்குப் பின், சமிக்ஞை வந்தாலே எலி நடுங்கியது. தீனி தேடுவதையும் நிறுத்தியது.

பிறகு வேறொரு கூண்டுக்கு மாற்றினார்கள். அங்கே சமிக்ஞை உண்டு, 'ஷாக்' இல்லை. முதலில் அங்கேயும் பயந்த எலிக்கு, போகப் போகப் பயம் தெளிந்தது.

மறுபடி பழைய கூண்டில் விட்டுச் சமிக்ஞை கொடுத்தார்கள். போன பயம் திரும்பி வந்து விட்டது!

பின்னால் நடந்த சோதனைகளில், மூன்றாவதாக ஒரு புதுக் கூண்டில் விட்டபோதும் பயம் திரும்பியது. ஆக, பயம் எலியோடு எங்கும் போகிறது. தைரியமோ கற்ற இடத்திலேயே தங்கி விடுகிறது.

காரணம் என்ன?

'படி' என்றால் வாசற்படியா, பாடம் படிப்பதா? பக்கத்துச் சொல்தான் அதைக் காட்டும். எலிக்கும் ஒரே சமிக்ஞைக்கு இரண்டு அர்த்தம். எது சரி என்பதை இடம்தான் சொல்கிறது.

மனிதருக்கும் உண்டு

மது, போதை மருந்து கொடுத்துப் பழக்கிய எலிகளிடமும் இதே முடிவுதான் கிடைத்தது. வெளியூரில் குடியை விட்டவர், லீவில் ஊருக்குப் போனதும் பழைய கடை, பழைய கூட்டாளிகளைக் கண்டு தடுமாறுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அவரை 'மன உறுதி இல்லாதவன்' என்று ஏசிப் பயனில்லை. விட்ட பழக்கம் விட்ட இடத்தில்தான் விட்டிருக்கிறது. புதுப் பாடத்தைப் பல இடங்களில் பழக வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்களின் யோசனை. ஊருக்குப் போகும்போதுதான் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டாரின் துணையும் தேவை.