இரண்டு டேப், ஒரே குக்கி

அக்கரைப்பற்றில் ஒரு கொமியுனிகேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்லைன் விண்ணப்பம் போட இருவர் வருகிறார்கள். கடைக்காரர் இரண்டு டேப் திறந்து, ஒரே தளத்தில் இருவர் கணக்கிலும் நுழைகிறார். பிறகு முதல் டேப்புக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்துகிறார். “காக்கா, இது என்ட பேரில்லையே!”

ஏன் இந்தக் குழப்பம்? இணையத்தின் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுமுகம். இந்த மறதிக்கு 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுலி கண்ட மருந்துதான் குக்கி. தளம் ஓர் அடையாளச் சீட்டைத் தருகிறது. பிரவுசர் அதை ஒவ்வொரு முறையும் நீட்டுகிறது. ஆனால் சீட்டு பிரவுசருக்குச் சொந்தம், டேப்புக்கு அல்ல. இரண்டாமவர் நுழைந்ததும் முதலாமவரின் சீட்டு அழிந்துவிடும். திரையில் மட்டும் பழைய பெயர்!

எச்.டி.எம்.எல். தர ஆவணமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது: இரு ஜன்னல்களில் விமானச் சீட்டு வாங்குபவர், அறியாமலே ஒரே விமானத்துக்கு இரண்டு சீட்டு வாங்கிவிடலாம். அதற்காகவே ஒவ்வொரு டேப்புக்கும் தனிப் பெட்டியாக ‘செஷன் ஸ்டோரேஜ்’ வந்தது.

நுழைவுச் சீட்டோ பெரும்பாலும் இன்னமும் குக்கிதான். எனவே படிவம் யாருடையது என்ற குறிப்பைப் படிவத்துக்குள்ளேயே வைத்து, சேர்வர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாத தளம் அரைகுறை வேலை.

கடைக்காரருக்கு எளிய வழி உண்டு: ஆளுக்கொரு பிரவுசர் புரொஃபைல். இன்கொக்னிட்டோ ஜன்னல் இரண்டு திறந்தால் போதாது. குரோமில் அவையும் ஒரே குக்கியைத்தான் பகிர்கின்றன.